வேற்றுமொழிக் கல்வியும் ‘வராது’ என்னும் வழக்கும்

வேற்றுமொழி ஒன்றை மாணாக்கர் கற்கும் திறம், அம்மொழியின் இயல்பை மட்டும் பொறுத்ததன்று. அதனைக் குறித்து அவர் முன்னரே கொண்டுள்ள கருத்தையும் பொறுத்ததாகும். அக்கருத்து நம் பேச்சுவழக்கில் வெளிப்படுமாற்றை ஈண்டு ஆராய்வாம்.

ஆவடியை அடுத்த முத்தாபுதுப்பேட்டை போன்ற ஊர்களிலிருந்து கல்லூரி புகும் மாணாக்கருள், தம் குடியில் முதன்முதலாகப் பட்டம் பயில வருவோர் பலர், ‘எனக்கு ஆங்கிலம் வராது’ என்பர். இத்தொடரில் மொழியே எழுவாய். கற்போன் நான்காம் வேற்றுமை ஏற்று நிற்கின்றான். ‘கற்றிலேன்’ எனின் முயற்சியின்மை புலப்படும். ‘வராது’ எனின் அது பிறவிக்குறை போலத் தோன்றும்.

இஃது நம் மாணாக்கர்க்கே உரிய எண்ணம் அன்று. அமெரிக்க அறிஞர் எலெய்ன் ஆர்விட்சு என்பார், மொழி கற்றல் பற்றிய நம்பிக்கைகளை அளக்க 34 கூற்றுகள் கொண்ட வினாநிரல் ஒன்றை வகுத்து, டெக்சாசுப் பல்கலைக்கழக மாணாக்கரிடம் கண்ட முடிவுகளை 1988-இல் வெளியிட்டார். மொழித்திறன் சிலர்க்கே இயற்கையில் வாய்ப்பது என்னும் கருத்திற்கு ஆண்டும் பலர் உடன்பட்டனர். ஆயின், மான்ட்ரியல் நகரில் பிரெஞ்சு பயின்ற மாணாக்கரை ஆராய்ந்து கார்டுனர், இலாம்பர்ட்டு என்னும் இருவர் 1959-இல் வெளியிட்ட கட்டுரை, இயற்கைத்திறனேயன்றி மனப்பாங்கும் ஊக்கமும் தேர்ச்சிக்குத் தனிக்காரணமாதலைக் காட்டிற்று.

இதற்குச் சான்று தேடித் தொலைவு செல்லவேண்டா. விமானப்படை நிலையத்தை அடுத்துள்ளமையின், முத்தாபுதுப்பேட்டைக் கடைத்தெருவில் வடபுலத்தார் வந்து பொருள் கொள்வர். அவரொடு பழகும் வணிகர், பிழையைப் பொருட்படுத்தாது பேசிப் பேசியே இந்தியிற் கொடுக்கல் வாங்கல் நடத்துவர். தமிழ் கற்ற அயல்நாட்டார் வரலாறும் இதனையே உணர்த்தும். 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு, திண்ணைப்பள்ளிச் சிறுவரோடு அமர்ந்து மணலில் எழுத்துப் பயின்றார்; அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715-இல் அச்சாகி நிறைவுற்றது. இவர் அனைவரிடத்தும் பொதுவாய் அமைந்தது, பிழைபடப் பேசுதற்கு நாணாமையே.

வகுப்பிலோ நிலை வேறு. பிழைக்கு நகைப்பு எழுமாயின் மாணாக்கன் வாய் திறவான். பேசாமையின் பழக்கம் இல்லை. பழக்கமின்மையின் தேர்ச்சி இல்லை. அத்தேர்ச்சியின்மையே ‘வராது’ என்னும் நம்பிக்கைக்குச் சான்றாகி விடுகின்றது. இவ்வாறு உயர்கல்வியும் அலுவலும் இழப்போர், திறனின்மையால் அன்றி நம்பிக்கையால் இழக்கின்றனர்.

‘வராது’ என்னும் சொல்லைக் கடிதல் வேண்டா. நீச்சல் வராது என்பானும், நீரில் இறங்கிப் பழகின் வரும் என்று அறிவான். அவ்வறிவை மொழிக்கும் உரியதாக்கி, பிழைக்கு இடந்தந்து பேசுவித்தலே ஆசிரியர் முதற்கடன் என்பது எம் துணிபு.