நிழல் கொல்லையில் கனகாம்பரம்

பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர் பக்கம் வயலெல்லாம் மனையாகிவிட்டது. மிச்சமிருக்கிற கொல்லையிலும் அடுத்த வீட்டு மாடியின் நிழல். "இந்த நிழல்லே என்னங்க வரும்?" என்று கேட்கிறார்கள். கனகாம்பரம் வரும். ஆண்டு முழுவதும் பச்சை மாறாத செடி. நம் நாட்டுக்கும் இலங்கைக்கும் சொந்தமானது. அரை நிழல் அதற்குப் பழக்கந்தான்.

அரை நிழல் என்றால் இருட்டு அல்ல. காலை வெயில் மூன்று, நாலு மணி நேரமாவது விழவேண்டும். தென்னை இடைவெளி நல்லது. அடர்ந்த மாமரத்தடியில் வைத்தால் தண்டுதான் நீளும், கதிர் வராது.

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பூவைப் பார்த்துச் செடி வாங்குகிறோம். வேரைப் பாருங்கள் என்பேன். வேரில் கறுப்புத் திட்டுகள், மேலே இலை சிவந்து செடி குன்றியிருந்தால் நூற்புழுவாக இருக்கும். அந்த ஒரு செடியோடு புழு உங்கள் மண்ணுக்கே வந்து சேர்ந்துவிடும். அப்புறம் விரட்டுவது பெரும்பாடு. கத்தரி, தக்காளி இருந்த பாத்தியிலும் நட வேண்டாம். குழியில் மக்கிய எருவோடு வேப்பம் பிண்ணாக்கும் டிரைகோடெர்மா விரிடியும் கலந்து, 60 செ.மீ. இடைவெளி விட்டு நடுங்கள்.

டெல்லி கனகாம்பரம் விதை கட்டாது. குச்சி வைத்துத்தான் பெருக்க வேண்டும். டெல்லி விதை என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். நாட்டு ரகத்தில் காய்ந்த கதிரைத் துணிக்குள் மூடித் தண்ணீர் தெளித்தால் படபடவென்று வெடித்து விதை கொட்டும். புது விதையாக விதையுங்கள்.

வாடல் நோய்க்குத் தேங்கும் தண்ணீர்தான் துணை. ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன்பே பாத்தியை மேடாக்கி வடிகால் வெட்டுங்கள். வாடிய செடியை வேரோடு பிடுங்கி எரித்துவிட வேண்டும்.

சுண்ணாம்பு, சிமெண்ட் குப்பை கலந்த மண்ணில் தளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். இது இரும்புச் சத்துக் குறைவு. யூரியா போட்டுப் பயனில்லை. லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி கரைத்து மாலையில் தெளியுங்கள்.

நட்ட இரண்டு, மூன்று மாதத்தில் பூ வரும். ஒரு கிலோவுக்குச் சுமார் 15,000 பூ வேண்டும். சின்னக் கொல்லைக்காரர் எடை போட்டு விற்றால் பறித்த கூலிகூடக் கட்டாது. வீட்டிலேயே தொடுத்து முழக் கணக்கில் விற்கலாம். பூ கதிரின் அடியிலிருந்து மேலாக விரியும். ஒருநாள் விட்டு ஒருநாள், விடியற்காலையில் பறியுங்கள். பூத்து ஓய்ந்த கதிரை அப்போதே கிள்ளிவிடுங்கள்.