பார்க்காத பத்திக்கு 20 மதிப்பெண்

சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தேர்வுக்கு முந்தைய இரவு. கதை, கவிதை, கடிதம் எல்லாம் ஒருமுறை திருப்பிப் பார்த்தாயிற்று. “அன்சீன் பேசேஜ் என்னாச்சு?” என்று அம்மா கேட்டால், “அதுக்கு என்ன படிக்கிறது? அங்க போய்ப் பாத்துக்கலாம்” என்று பதில் வரும். எழுத்துத் தேர்வின் 80 மதிப்பெண்ணில் 20, அதாவது கால் பங்கு, அந்த ‘அங்க போய்’ப் பார்க்கும் பகுதியில்தான் இருக்கிறது.

வாசிப்புப் பகுதியில் இரண்டு பத்திகள் வரும். ஒவ்வொன்றுக்கும் 10 மதிப்பெண். ஒன்று 400 முதல் 450 சொற்களில் ஒரு கருத்தை விவாதிப்பது. மற்றொன்று 200 முதல் 250 சொற்களில், வரைபடமோ புள்ளிவிவரமோ சேர்ந்து வருவது. இரண்டும் பாடப்புத்தகத்துக்கு வெளியே இருந்து வருபவை. மனப்பாடம் இங்கே கைகொடுக்காது. ஆனால் எல்லா விடைகளும் கண்ணெதிரே தாளிலேயே இருக்கும் ஒரே பகுதியும் இதுதான்.

முதல் 15 நிமிடம்

காலை 10.15-க்கு வினாத்தாள் கைக்கு வரும். எழுதத் தொடங்குவது 10.30-க்கு. இடையிலுள்ள 15 நிமிடம் வாசிக்க மட்டுமே. (தமிழக மாநிலப் பாடத்திட்டத்திலும் வினாத்தாள் வாசிக்க 10 நிமிடம் தனியாக உண்டு.) பலர் இதைத் தாளைப் புரட்டியே கழித்துவிடுகிறார்கள். முதலில் பத்தியின் கேள்விகளை ஓட்டமாகப் பாருங்கள். பிறகு பத்திக்குப் போங்கள். எதைத் தேடுகிறோம் என்று தெரிந்தபின் வாசித்தால் கண் தானாகவே சரியான இடத்தில் நிற்கும். மூன்று மணி நேரத்தில் 20 மதிப்பெண்ணின் பங்கு 45 நிமிடம். அதற்கு மேல் இழுத்தால் மற்ற பகுதிகள் அடிபடும்.

பொறி எங்கே இருக்கிறது?

பத்தியில் இப்படி ஒரு வரி இருப்பதாக வைத்துக்கொள்வோம்: ‘மழை பெய்தபோதும் பெரும்பாலான கடைகள் திறந்திருந்தன.’ கீழே நான்கு தெரிவுகள்:

அ) எல்லாக் கடைகளும் திறந்திருந்தன.
ஆ) மழையால் பெரும்பாலான கடைகள் மூடிக்கிடந்தன.
இ) மழை எல்லாக் கடைகளையும் மூடவைத்துவிடவில்லை.
ஈ) கடைக்காரர்களுக்கு மழையைப் பற்றிக் கவலையில்லை.

முதலாவது ‘பெரும்பாலான’ என்பதை ‘எல்லா’ என்று ஊதிவிட்டது. இரண்டாவது தலைகீழ். நான்காவது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் பத்தி அதைச் சொல்லவில்லை. விடை மூன்றாவது. நன்றாகப் படிக்கும் பிள்ளைகளும் சறுக்குவது நான்காவதில்தான். தங்களுக்குத் தெரிந்ததைப் பத்தியின்மேல் ஏற்றிவிடுகிறார்கள். எந்த வரியை வைத்து இந்த விடை என்று விரலை வைத்துக் காட்ட முடியாவிட்டால் அந்த விடையைச் சந்தேகப்படுங்கள். கேள்வியில் ‘நாட்’, ‘எக்ஸெப்ட்’ வந்தால் உடனே வட்டமிடுங்கள். தெரியாத சொல் வந்தால் நின்றுவிடாமல் முன்னும் பின்னும் உள்ள வரிகளைப் பாருங்கள். வரைபடத்தில் தலைப்பையும் அளவையும் முதலில் பாருங்கள். சதவீதத்தை எண்ணிக்கையாக எடுத்துக்கொண்டால் விடை மாறிவிடும்.

‘லீக்’ வியாபாரம்

தேர்வுக் காலத்தில் வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் ‘நாளைய பேப்பர்’ விலைக்கு வரும். பணமும் போகும், தூக்கமும் போகும். அதை நம்பி அடுத்த குழுவுக்கு அனுப்பினால், வதந்தி பரப்பியதாக மாணவர்மீதே நடவடிக்கை வரலாம்.

உங்கள் உரிமைகள்

டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடுகளை 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அங்கீகரிக்கிறது. உரிய சான்றிதழ் உள்ள மாணவருக்கு வினாவை வாசித்துக் காட்ட ஒருவரோ, சொல்வதை எழுத ஒருவரோ கிடைப்பார். மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகவும் உண்டு. இது சலுகை அல்ல, உரிமை. ஆனால் தேர்வன்று காலையில் கேட்டால் கிடைக்காது. பள்ளி வழியாக முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும்.

கேள்வியே தவறாக இருந்தால்? 2021 டிசம்பர் 11 அன்று நடந்த சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தேர்வில், பெண்கள் சுதந்திரம் பெற்றதால்தான் பிள்ளைகள் கட்டுப்பாடு இழந்தார்கள் என்ற தொனியில் ஒரு பத்தி வந்தது. எதிர்ப்பு கிளம்பியது, மக்களவையில் சோனியா காந்தி இதை எழுப்பினார். டிசம்பர் 13 அன்றே வாரியம் அந்தப் பத்தியை நீக்கி, அதற்கான முழு மதிப்பெண்ணையும் வழங்குவதாக அறிவித்தது. தவறு தென்பட்டால் தாளை வீசியெறிய வேண்டாம். பத்திரமாக வைத்து ஆசிரியரிடம் காட்டுங்கள்.

மதிப்பெண் குறைந்தால்

திருத்திய விடைத்தாளைப் பார்க்கும் உரிமை தேர்வு எழுதியவருக்கு உண்டு என்று 2011 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்கில் எதிர்த்தரப்பு சி.பி.எஸ்.இ.தான். முடிவு வந்ததும் வாரியம் அறிவிக்கும் கெடுவுக்குள் விடைத்தாள் நகலைக் கேட்டுப் பெறுங்கள். கூட்டலில் பிழையா, திருத்தாமல் விட்ட விடை உண்டா என்று பார்த்துவிட்டு மறுகூட்டலோ மறுமதிப்பீடோ கேளுங்கள். மதிப்பெண் கூடவும் செய்யும், குறையவும் செய்யும் என்பது நினைவிருக்கட்டும். 2026 முதல் பத்தாம் வகுப்புக்கு ஆண்டில் இரண்டு தேர்வுகள். முதலாவது கட்டாயம். மொழிப் பாடங்கள் உட்பட அதிகபட்சம் மூன்று பாடங்களில் இரண்டாம் முறை எழுதி மதிப்பெண்ணை உயர்த்திக்கொள்ளலாம்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. இன்னொரு கைடு வாங்கும் பணத்தில் ஆங்கில நாளிதழ் ஒன்று வாங்கிப் போடுங்கள். தினமும் ஒரு பத்தியைப் படிக்கச் சொல்லி, “இது எந்த வரியில் இருக்கு?” என்று மட்டும் கேளுங்கள். அதைக் கேட்க உங்களுக்கு ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டியதில்லை.