ஓர் ஆளுக்கு ஓர் அறை

2020 மார்ச் 24-ஆம் தேதி மாலை தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு வந்தது. அன்று நள்ளிரவு முதல் நாடு முழுக்க ஊரடங்கு. எல்லோருக்கும் சொல்லப்பட்டது ஒன்றுதான்: வீட்டுக்குள்ளேயே இருங்கள். வீடே இல்லாதவர் எங்கே இருப்பது என்ற கேள்விக்கு அந்த வாரம் யாரிடமும் பதில் தயாராக இல்லை.

செங்கல்பட்டு போன்ற ஒரு சந்திப்பு நிலையத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இரவில் நடைமேடையிலும் பேருந்து நிலையக் கடை வாசல்களிலும் படுப்பவர்கள் எப்போதும் உண்டு. ரயில்கள் ஊரடங்குக்கு இரண்டு நாள் முன்பே நின்றுவிட்டன. கோயில்கள் சாத்தப்பட்டன. மாமல்லபுரத்தின் சிற்பங்களைப் பார்க்க வருபவர்களை நம்பிப் பாசிமணி விற்றவர்களுக்கு, தொல்லியல் துறை மார்ச் 17-ஆம் தேதியே நினைவுச்சின்னங்களை மூடியதும் பிழைப்பும் போனது. மார்ச் 28-இல் ஒன்றிய அரசு, மாநிலப் பேரிடர் நிதியைக் கொண்டு வீடற்றோருக்கும் புலம்பெயர் தொழிலாளர்களுக்கும் தற்காலிகத் தங்குமிடம், உணவு, மருத்துவம் தரலாம் என்று விதியைத் தளர்த்தியது. பள்ளிகளும் சமுதாயக்கூடங்களும் திறந்துவிடப்பட்டன. பசிக்குச் சோறும் தலைக்கு மேல் கூரையும் கிடைத்தன. ஆனால் ஒரே கூடத்தில் பலர். மூச்சில் பரவும் நோய்க்கு இதைவிட வசதியான இடம் வேறில்லை.

இது வெறும் அச்சமில்லை. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஒரு வீடற்றோர் காப்பகத்தில் 2020 ஏப்ரலில் 408 பேரையும் பரிசோதித்தார்கள். 147 பேருக்குத் தொற்று இருந்தது. அவர்களில் பெரும்பாலோருக்கு இருமலோ காய்ச்சலோ எதுவும் இல்லை. அறிகுறி உள்ளவரை மட்டும் பிரித்துவைக்கும் ஏற்பாடு கூடங்களில் பலிக்காது என்பதை அந்தக் கணக்கு காட்டிவிட்டது. ஆளுக்கொரு அறை வேண்டும். அப்படியானால் அந்த அறை எப்படி இருக்க வேண்டும்?

உலகம் அப்போது பலவிதமாக முயன்றது. லாஸ் வேகாஸில் ஒரு வாகன நிறுத்துமிடத்தின் தரையில் ஆறடி இடைவெளியில் வெள்ளைக் கட்டங்கள் வரைந்து, கட்டத்துக்கு ஒருவராகப் படுக்கச் சொன்னார்கள். திறந்தவெளி என்பதால் காற்றுக்குக் குறைவில்லை. ஆனால் ஊரே ஓட்டல்களால் ஆனது, அந்த அறைகளெல்லாம் காலி. தரையில் கட்டம் போட்டதைப் பார்த்து உலகம் கோபப்பட்டதில் நியாயம் உண்டு. அதே சமயம் கலிபோர்னியாவும் இங்கிலாந்தும் காலியான ஓட்டல் அறைகளையே எடுத்து வீடற்றோருக்குக் கொடுத்தன.

ஜப்பானில் நடந்தது வேறு மாதிரி. அங்கே வாடகைக்கு வழியில்லாத பலர் இரவுகளை இணைய மையங்களில் கழிப்பார்கள். 2020 ஏப்ரலில் அவசரநிலை வந்து அவை மூடப்பட்டதும், யோகோஹாமாவில் ஒரு தற்காப்புக் கலை அரங்கைத் திறந்து கொடுத்தார்கள். அந்த அரங்கைப் பிரித்தது கட்டடக் கலைஞர் ஷிகெரு பான் உருவாக்கிய காகிதத் தடுப்பு. கெட்டியான காகிதக் குழாய்கள்தான் தூண், அவைதான் உத்தரம். தூணில் உள்ள துளைக்குள் உத்தரத்தைச் செருகினால் சட்டம் நிற்கும். மேலிருந்து துணி தொங்கும். திருகாணி, ஆணி எதுவும் தேவையில்லை, பயிற்சி இல்லாதவரும் சில நிமிடங்களில் ஒன்றை நிறுத்திவிடலாம். 2001 நிலநடுக்கத்துக்குப் பிறகு குஜராத்தின் புஜ் நகரில் காகிதக் குழாய் வீடு கட்டியவரும், 2004 ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கையின் கிரிந்தையில் மீனவர்களுக்கு வீடுகள் வடிவமைத்தவரும் இவரே.

துணித் தடுப்பு மானத்தைக் காக்கும், ஆளுக்கும் ஆளுக்கும் இடைவெளியை உறுதிசெய்யும். ஆனால் அரங்கத்தின் காற்று எல்லோருக்கும் பொதுவாகவே இருக்கும். அரங்கம் உயரமாகவும் சன்னல்கள் திறந்தும் இருந்தால் மட்டுமே அது போதுமானது. நம் சமுதாயக்கூடங்களின் தாழ்ந்த கூரைக்குக் கீழ் இது பாதி வேலைதான்.

நமக்குப் பக்கத்திலேயே உருவானது இன்னொரு வழி. சென்னை ஐஐடியில் வளர்ந்த மாடுலஸ் ஹவுசிங் என்ற நிறுவனம் 2020-இல் ‘மெடிகேப்’ என்ற மடக்கும் மருத்துவமனையைக் கொண்டுவந்தது. மருத்துவர் அறை, தனிமை அறை, வார்டு, இரு படுக்கைத் தீவிர சிகிச்சை அறை என அதில் நான்கு பகுதிகள். மடக்கினால் ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கும், லாரியில் ஏறும். நான்கு பேர் சேர்ந்தால் இரண்டு மணி நேரத்தில் எழுப்பிவிடலாம். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் உதவியோடு வயநாட்டில் முதலில் வைக்கப்பட்டது. அதே காலத்தில் செங்கல்பட்டில் 30 படுக்கை மருத்துவமனை ஒன்றை எழுப்பும் பணியிலும் அந்த நிறுவனம் இருந்தது. நோயாளிக்காகச் செய்யப்பட்டது அது. அதன் தனிமை அறையை மட்டும் பிரித்தெடுத்து, வீடில்லாத ஒருவருக்கு ஏற்றபடி மாற்றினால் என்ன என்பதே என் யோசனை.

அளவிலிருந்து தொடங்கலாம். தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் வழிகாட்டுதல், வீடற்றோர் காப்பகத்தில் ஆளுக்கு 50 சதுர அடி வேண்டும் என்றது. பத்தடிக்கு ஐந்தடி, உயரம் எட்டடி என்று வைத்துக்கொள்வோம். உள்ளே சுமார் 11,300 லிட்டர் காற்று இருக்கும். தூங்கும் ஒருவர் நிமிடத்துக்கு ஏறக்குறைய 0.2 லிட்டர் கரியமில வாயுவை வெளிவிடுகிறார். அறையை இறுக மூடிவிட்டால் எட்டு மணி நேரத்தில் அது வெளிக்காற்றில் உள்ளதைப்போல இருபது மடங்காகிவிடும். தலைவலியோடும் புழுக்கத்தோடும்தான் எழ வேண்டியிருக்கும். வெறும் பெட்டி அறையாகாது.

தொற்றுநோயாளியின் அறையில் மணிக்கு 12 முறையாவது காற்று முழுதும் மாற வேண்டும் என்பது மருத்துவமனைகளுக்கான அளவுகோல். மின்விசிறி இல்லாமல் இது முடியுமா? முடியும். எதிரெதிர்ச் சுவர்களில் தலா இரண்டு சதுர அடியில் ஒரு திறப்பு வைத்து, நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில், அதாவது துணி லேசாக அசையும் அளவுக்குக் காற்று அடித்தாலே, மணிக்குப் பதினைந்து முறை போல மாறிவிடும். கொசுவலை அடித்தால் அது கணிசமாகக் குறையும். எனவே திறப்பைப் பெரிதாக்கிவிட வேண்டும். மாமல்லபுரம் போன்ற கடற்கரையில் கொசுவலை இல்லாத அறையில் யாரும் தூங்க மாட்டார்கள்.

திறப்புகள் எந்தப் பக்கம்? மாமல்லபுரக் கரையில் கடல் கிழக்கே. பகலில் கடற்காற்று கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வரும், இரவில் நிலக்காற்று மேற்கிலிருந்து. கிழக்குச் சுவரிலும் மேற்குச் சுவரிலும் திறப்பு வைத்தால் இரண்டும் பயன்படும். ஆனால் வடகிழக்குப் பருவமழையின் சாரலும் கிழக்கிலிருந்தே அடிக்கும். அதனால் அந்தப் பக்கத்துக்குச் சாய்பலகை வைத்த சன்னல் வேண்டும்.

இன்னொரு நுட்பம் இருக்கிறது. ஒரு திறப்பைத் தரைக்கு அருகிலும் மற்றதைக் கூரைக்கு அடியிலும் வைக்க வேண்டும். படுத்திருக்கும் மனித உடல் சுமார் 75 வாட் வெப்பத்தை விட்டுக்கொண்டே இருக்கிறது. சூடான காற்று மேலே போய் வெளியேறும், கீழே குளிர்ந்த காற்று நுழையும். இலை அசையாத இரவிலும் உறங்குபவரின் உடல்சூடே அறைக்குள் காற்றை இழுத்துவரும். எந்த மின்கட்டணமும் இல்லை.

இதில் புதிது எதுவும் இல்லை என்பதற்குச் சாட்சி செங்கல்பட்டு மாவட்டத்திலேயே இருக்கிறது. தாம்பரம் சானடோரியம் என்று ரயில் நிலையத்துக்கே பெயர் தந்த காசநோய் மருத்துவமனையை 1928-இல் டாக்டர் சௌரிமுத்து 12 படுக்கைகளோடு தொடங்கினார். இங்கிலாந்தில் காசநோய்க்குத் திறந்தவெளி சிகிச்சை நடத்தி அனுபவம் பெற்றவர் அவர். அந்தக் காலத்து ஐரோப்பிய சானடோரியங்களில் ஒரு நோயாளிக்கு ஒன்று என மரக்குடில்கள் இருந்தன. ஒரு பக்கம் முழுக்கத் திறந்திருக்கும். சில குடில்களை வெயிலுக்கும் காற்றுக்கும் ஏற்ப அப்படியே சுழற்றிவைக்கலாம். மருந்து கண்டுபிடிப்பதற்கு முன்பு மருத்துவர்கள் கையிலிருந்தது நல்ல காற்றும் இடைவெளியும் ஊட்டச்சத்துமே. அந்த அறிவை நாம் மறந்து, குளிர்சாதனப் பெட்டிகளாகக் கட்டப் பழகிவிட்டோம்.

அடுத்தது வெயில். தொற்றுக்காலத் தங்குமிடத்தின் தனிச் சிக்கல், பகலிலும் அதற்குள்ளேயே இருக்க வேண்டும் என்பது. 2020-இன் ஊரடங்கு நேராக அக்னி நட்சத்திரத்தில் போய் விழுந்தது. ரயில்வே 5,231 பெட்டிகளைத் தனிமை வார்டுகளாக மாற்றியபோது எழுந்த புகார்களில் ஒன்று சூடு. கூரைக்கு மேல் வெப்பத்தைத் திருப்பும் பூச்சு, விரிப்பு என்று பலதையும் சோதித்துப் பார்த்தார்கள். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு இந்தக் கரையெங்கும் எழுந்த தற்காலிகக் குடியிருப்புகளின் தார் ஷீட் கூரைகளுக்குக் கீழ் மீனவக் குடும்பங்கள் பட்ட பாடு நினைவிருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. தகரம் சீக்கிரம் சூடாகும். வெள்ளைப் பூச்சு அடித்து, அடியில் அரையடி இடைவெளி விட்டு இன்னொரு தட்டு வைத்தால், நடுவில் ஓடும் காற்று சூட்டைக் கொண்டுபோய்விடும். கீற்று இதைவிடக் குளுமை. ஆனால் நெருக்கமாக வரிசையாக நிற்கும் அறைகளுக்குக் கீற்றைப் பரிந்துரைக்க மனம் வரவில்லை, ஒரு தீப்பொறி போதும்.

புயலை என்ன செய்வது? 2020 நவம்பர் 25 நள்ளிரவில் நிவர் புயல் மரக்காணம், புதுச்சேரிப் பகுதியில் கரையேறியது. நோயும் புயலும் ஒரே நேரத்தில். மணிக்கு 120 கி.மீ. காற்று அந்தப் பத்தடிச் சுவரை அறுநூறு கிலோ அளவுக்குத் தள்ளும். இலேசான அறை உருண்டு போகும். தரையில் எத்தனை இரும்பு முளை அடித்தாலும் இத்தகைய அறையில் ஒருவரைப் புயலன்று விட்டுவைக்கக் கூடாது. கெட்டிக் கட்டடத்துக்குத்தான் போக வேண்டும். அறையின் மடங்கும் தன்மைக்கு உண்மையான மதிப்பு அங்கேதான் தெரிகிறது: எச்சரிக்கை வந்ததும் மடித்துக் கட்டிவைக்கலாம். மாமல்லபுரத்தருகே 2022 டிசம்பரில் மாண்டஸ் கரையேறியதை நினைத்தால் இது எப்போதோ வரும் ஆபத்தும் அல்ல.

இனி எனக்கு மிக முக்கியமாகப் படுவது கதவு. தாழ்ப்பாள் உள்ளேயிருந்து போடும்படி இருக்க வேண்டும், வெளியே போகும்போது பூட்டு மாட்ட ஒரு கொண்டியும் வேண்டும். தெருவில் தூங்குபவர்கள், குறிப்பாகப் பெண்கள், காப்பகத்துக்கு வரத் தயங்குவதற்குப் பெருங்காரணம் மூட்டை களவு போகும் பயமும் இரவில் யாராவது வந்துவிடுவார்களோ என்ற பயமும்தான். பழைய பேப்பர் பொறுக்குபவரின் சாக்கு, பாசிமணிப் பெட்டி, ஆதார் அட்டை சுற்றிய பிளாஸ்டிக் பை ஆகியவை படுக்கைக்கு அடியில் போக வேண்டும். அதற்காகவே கட்டில் முழங்கால் உயரத்தில் இருக்கட்டும். தாழ்ப்பாள் சாதாரண இரும்பாக இருந்தால் உப்புக்காற்றில் ஒரே மழைக்காலத்தில் துருப்பிடித்து இறுகிவிடும். துருப்பிடிக்காத எஃகோ பித்தளையோ போட்டால் செலவு கொஞ்சம் கூடும். மிச்சம்பிடிக்க வேறு இடம் தேடுவதே நல்லது. தனியாக இருப்பவருக்கு மூச்சுத்திணறல் வந்தால் தெரிய வேண்டுமே? காலையும் மாலையும் ஒருவர் கதவைத் தட்டிப் பேசியே தீர வேண்டும். வந்து பார்க்க ஆள் இல்லாத தனியறை சிறைக்குச் சமம்.

கழிப்பறையைப் பொதுவில் வைத்தால் இருபது பேருக்கு ஒன்று என்பது முகாம்களுக்கான உலக அளவுகோல். தொற்றுக்காலத்தில் அது போதாது. நான்கு அறைக்கு ஒன்று, வாசலில் தண்ணீரும் சோப்பும் இருந்தால் நியாயம்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுக விடுதிகள் இருக்கின்றன. நாளை இன்னொரு கொள்ளைநோய் வந்து அவை காலியானால், முதல் வேலை அந்த அறைகளை வாடகைக்கு எடுப்பதுதான். சுவரும் கழிப்பறையும் தாழ்ப்பாளும் அங்கே தயாராக இருக்கின்றன. மடக்கு அறை அதற்கு அடுத்தது. விடுதிகள் குறைவான மதுராந்தகம், செய்யூர் பக்கத்து ஊர்களுக்கும், பழக்கப்பட்ட தெருவை விட்டு வரமாட்டேன் என்பவர்களுக்கும் அது வேண்டும்.

மடக்கு அறைகளை வாங்கிக் கிடங்கில் போட்டுவிட்டால் கீல்கள் இறுகி, பேனல்களில் கறையான் ஏறி, தேவைப்படும் நாளில் திறக்காது. செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடங்களில் நோயாளியுடன் வந்த உறவினர்கள் இரவில் தாழ்வாரத்திலும் மரத்தடியிலும் படுக்கிறார்கள். சாதாரண நாட்களில் இந்த அறைகள் அவர்களுக்குப் பயன்படட்டும். ஆண்டுக்கொரு முறை, பருவமழைக்கு முன் செப்டம்பரில், எல்லாவற்றையும் மடித்து விரித்து எண்ணெய் போட்டுச் சரிபார்த்தால், எந்த அறை வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்பது அவசரம் வருவதற்கு முன்பே மாவட்ட நிர்வாகத்துக்குத் தெரிந்துவிடும்.