ஏலத்துக்கு வரும் போலிக் காசுகள்

1960களில் அம்பத்தூரில் தொழிற்பேட்டை உருவானது முதல், உலோகத் தகட்டை டைகளுக்கு இடையே வைத்து பிரஸ்ஸில் அழுத்தி உருக்கொடுப்பதும், உருக்கிய உலோகத்தை அச்சில் ஊற்றி வார்ப்பதும் சென்னையின் மேற்குப் புறநகர்களில் அன்றாடத் தொழில்களாக இருந்துவருகின்றன; இவ்விரு முறைகளும் உலோகத்தின் மேற்பரப்பில் வெவ்வேறு தடயங்களை விட்டுச்செல்லும் என்பதை அங்குள்ள பட்டறைத் தொழிலாளிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பழைய நாணயம் உண்மையானதா என்று ஆராயும் சேகரிப்பாளரும் இந்த வேறுபாட்டிலிருந்தே தொடங்குகிறார். அடித்து உருவாக்கிய காசில் எழுத்துகளின் ஓரம் கூர்மையாக நிற்கும். வார்த்த காசில் அவை மழுங்கி, காற்றுக்குமிழிகள் விட்ட நுண்துளைகள் மேற்பரப்பில் தெரிவதோடு, அச்சின் இரு பாதிகள் சேர்ந்த கோடோ, அக்கோட்டை அரத்தால் ராவிய கீறல்களோ விளிம்பில் எஞ்சியிருக்கும். பண்டைய இந்தியாவில் வார்ப்புக் காசுகளும் புழங்கியதால் வார்ப்பு என்பது மட்டுமே தீர்ப்பாகிவிடாது. அடித்தே வெளியிடப்பட்ட ஒரு வகை, வார்ப்பாக ஏலத்துக்கு வரும்போதுதான் ஐயம் வலுக்கிறது.

ஆண்டெண்ணைத் திருத்தும் மோசடி இதைவிட நுட்பமானது. ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் 1911ஆம் ஆண்டு வெள்ளி ரூபாயில், மன்னரின் அங்கியில் பொறிக்கப்பட்ட சிறு யானை, தும்பிக்கையும் கால்களும் குறுகிப்போனதால் பன்றியைப் போலத் தோன்றி எதிர்ப்பைக் கிளப்பியது. அச்சடிக்கப்பட்ட சுமார் 94 லட்சம் ரூபாய்களில் ஏறத்தாழ 7 லட்சம் மட்டுமே வெளியே சென்றிருந்த நிலையில், எஞ்சியவை உருக்கப்பட்டு, 1912இல் யானை திருத்தி வரையப்பட்டது. எனவே 1912ஆம் ஆண்டு ரூபாயின் கடைசி எண்ணைச் சுரண்டி 1911 என்று மாற்றுபவர் காசின் பின்புறத்தை ஏமாற்றலாமே தவிர, முன்புறத்தில் நீண்ட தும்பிக்கையோடு நிற்கும் யானையை மறைக்க முடியாது. அதனால்தான் தேர்ந்த சேகரிப்பாளரின் கண் ஆண்டைப் பார்ப்பதற்கு முன் யானையைத் தேடுகிறது. மிக அரிதான 1939ஆம் ஆண்டு ரூபாய் விற்பனைக்கு வந்தால், அதன் கடைசி 9 முன்பு 8 ஆக இருந்ததா என்று உருப்பெருக்கியில் பார்ப்பதும் இவ்வாறானதே.

காசு கைக்கு வந்த பிறகு எடையும் ஒப்படர்த்தியும் உதவும். ஒப்படர்த்தி என்பது ஒரு பொருள் அதே அளவு நீரைவிட எத்தனை மடங்கு கனமானது என்பதைக் காட்டும் எண். 11.66 கிராம் எடையுள்ள மேற்கண்ட ரூபாயில் வெள்ளி 91.7 விழுக்காடு இருப்பதால், நூலில் கட்டி நீரில் மூழ்கடித்து நிறுத்தால் எடை சுமார் 1.13 கிராம் குறைய வேண்டும். அதே எடையில் செம்பு-நிக்கல் கலவையால் செய்த போலியோ சுமார் 1.31 கிராம் குறைந்து தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இணைய ஏலத்தில் இந்த வசதி இல்லை. படம் மட்டுமே உண்டு. ஆயினும் கைக்கு எட்டும் ஒற்றைக் காசு சொல்லாத உண்மையைப் பல படங்கள் சேர்ந்து சொல்லிவிடுகின்றன. புழக்கத்தில் ஒவ்வொரு காசும் தனக்கென்று தேய்மானமும் கீறலும் பெறுகிறது. ஆதலால் வெவ்வேறு விற்பனையாளர்கள் காட்டும் இரண்டு காசுகளில் ஒரே கீறல் ஒரே கோணத்தில் ஓடி, விளிம்பு ஒரே இடத்தில் நசுங்கியிருந்தால், குறைந்தது ஒன்றாவது மற்றதிலிருந்தோ, இரண்டுமே மூன்றாவது ஒரு காசிலிருந்தோ நகலெடுக்கப்பட்டிருக்க வேண்டும். பழைய ஏலங்களின் படங்களைச் சேமித்து ஒப்பிடும் பொறுமைசாலிகளாலேயே இத்தகைய இரட்டைகள் பிடிபடுகின்றன. ஆனால் கண்டறிவது ஒன்று, தடுப்பது வேறொன்று. ஈபே 2012இல் நகல் காசுகளின் விற்பனைக்குத் தடை விதித்தது. எனினும் ஏலம் கேட்பவரின் அடையாளத்தை அத்தளம் மறைப்பதால், ஏமாறப் போகிறவரை நேரடியாக எச்சரிக்க வழியில்லை, தளத்திடம் புகார் செய்துவிட்டுக் காத்திருக்கத்தான் முடியும். ஈபேயின் இந்தியத் தளம் 2018இல் மூடப்பட்டுவிட்டது. இன்று முகநூல், வாட்ஸ்ஆப் குழுக்களிலும் விற்பனை நடக்கிறது. பேரம் முடிந்ததும் படம் நீக்கப்பட்டு, ஒப்பிடுவதற்கான தடயமும் மறைந்துவிடுகிறது.

சேகரிப்பாளர் அல்லாத பொதுமக்களைக் குறிவைப்பது வேறொரு வகை. ராமர் பட்டாபிஷேகமோ அனுமனோ பொறித்து, கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரும் 1818 என்ற ஆண்டும் இட்ட செம்புக் காசுகள், அரிசியை ஈர்க்கும் சக்தி உடையவை என்ற 'ரைஸ் புல்லிங்' கதையோடு லட்சக்கணக்கில் விலை சொல்லப்படுகின்றன. சென்னையில் கம்பெனி அடித்த தங்க வராகன்களில் திருமாலின் உருவம் உண்மையிலேயே இருந்தது. அந்தப் பாதி உண்மையே பொய்க்கு வலுவூட்டுகிறது. ஆனால் இந்தச் செம்புக் காசுகள் பலவற்றில் காணப்படும் 'ஒரு அணா' என்ற மதிப்பில் பிரிட்டிஷ் இந்தியாவில் பொதுப் புழக்கக் காசு 1907இல்தான், அதுவும் செம்பு-நிக்கலில் வந்தது. பழைய காசை வாங்கிக்கொள்வதாகக் கூறி, ரிசர்வ் வங்கியின் பெயரால் கட்டணமும் கமிஷனும் கேட்பவர்களைக் குறித்து அவ்வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரிக்கை வெளியிட்டது.

பண இழப்பைவிடப் பெரிய கேடு ஒன்று உண்டு. சங்க காலக் காசுகளில் பல, அகழாய்வுக் குழிகளிலிருந்து அல்லாமல், கரூரின் அமராவதி போன்ற ஆற்றுப்படுகைகளிலிருந்து கிடைத்து, வணிகர்கள் வழியாகவே அறிஞர்களை அடைந்தன. நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி 1980களில் கண்டறிந்து வெளியிட்ட, 'பெருவழுதி' என்ற தமிழ்-பிராமி எழுத்துகள் கொண்ட செப்புக்காசு, இலக்கியம் மட்டுமே அறிந்திருந்த ஒரு பாண்டியப் பெயருக்கு உலோகச் சான்று தந்தது. மண்ணடுக்கின் சாட்சி இல்லாத இத்தகைய காசுகளுக்கு அவற்றின் உலோகமும் களிம்பும் எழுத்தமைதியுமே சாட்சி. நாளை ஒருவர் புதிய மன்னன் பெயரைப் பொறித்து ஏலத்தில் விட்டு, அது நூல்களிலும் ஏறிவிட்டால், அதை வெளியேற்ற ஒரு தலைமுறை ஆகலாம். எழுத்து வடிவங்கள் காலந்தோறும் மாறியிருப்பதால், அட்டவணையைப் பார்த்துப் பொறிப்பவர் வெவ்வேறு காலத்து வடிவங்களைக் கலந்துவிடக்கூடும். அந்தத் தவற்றைக் காணும் கண் தமிழறிந்த சேகரிப்பாளருக்கே எளிதில் வாய்க்கும்.

போலியைப் பழங்காசென்று விற்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆம் பிரிவு கூறும் ஏமாற்றுக் குற்றத்துக்குள் வரும். இணையவழியில் பணம் இழந்தவர்கள் 1930 என்ற எண்ணில் உடனே புகார் தரலாம்; அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பகுதியினர், 2022இல் தொடங்கப்பட்ட ஆவடி காவல் ஆணையரகத்தின் சைபர் குற்றப் பிரிவையும் அணுகலாம். விற்பனையாளர் வெளியிட்ட படம், உரையாடல், பணம் செலுத்திய விவரம் ஆகியவற்றோடு அந்தக் காசையும் பத்திரப்படுத்த வேண்டும். ஏமாந்த கோபத்தில் அதை எறிந்துவிடவோ உருக்கிவிடவோ கூடாது. போலியும் ஒரு சான்றுதான். பண்டைக் காசுகளைப் போலச் செய்வதில் பெயர்பெற்ற ஜெர்மானியரான பெக்கர் 1830இல் இறந்தார். அவர் செதுக்கிய டைகள் பெர்லின் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுவதால், அவர் கைவேலை எந்த ஏலத்தில் தலைகாட்டினாலும் இன்றும் ஒப்பிட்டு அடையாளம் காண முடிகிறது.