பூட்டினால் சாகும், புழங்கினால் வாழும்

அந்தியூரில் பழைய கோட்டை சிதைந்து கிடக்கிறது. அதே ஊரின் செல்லீஸ்வரர் கோயிலிலோ இன்றும் பூசை நடக்கிறது. ஆள் புழங்கும் கட்டடத்தில் ஓர் ஓடு நகர்ந்தால் மழைக்கு முன்பே மாற்றிவிடுவார்கள். பூட்டிய கட்டடத்தில் அந்தச் சந்து வழியே இறங்கும் தண்ணீர் விட்டத்தை இற்றுப்போகச் செய்யும். சுவர் விரிசலில் அரசங்கன்று வேர்விடும்.

புழங்கி வாழும் கட்டடங்கள் வேறு ஊர்களிலும் உண்டு. கோவையில், விக்டோரியா மகாராணியின் பொன்விழா நினைவாக 1892இல் எழுந்த டவுன்ஹாலில் மாநகராட்சி மன்றம் கூடுகிறது. ஈரோட்டில் பெரியாரின் வீடு நினைவகமாக நிற்கிறது. சென்னை எழும்பூரில் பழைய போலீஸ் கமிஷனர் அலுவலகம் 2021இல் காவல் அருங்காட்சியகமானது. வேலை கிடைத்த கட்டடங்கள் இவை.

பழுதுபார்ப்பதிலும் பெரிய தவறு ஒன்று நடக்கிறது: சிமென்ட் பூச்சு. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவர் மண்ணின் ஈரத்தை உறிஞ்சி, பிறகு காற்றில் விட்டுவிடும். மேலே சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கும். உப்புப் பூத்து செங்கல் பொடியும். வெளியே பளபளப்பு, உள்ளே நோய். சரியான வழி, சுண்ணாம்பை ஊறவைத்துப் புளிக்கவிட்டு, மணலோடு அரைத்து, கடுக்காய், கருப்பட்டித் தண்ணீர் சேர்த்துப் பூசுவது. இறுக நாளாகும், கூலியும் கூடும். ஆனால் சுவர் பிழைக்கும். இந்தக் கைவேலை தெரிந்த கொத்தனார்கள் குறைந்துவருவதுதான் எனக்குப் பெருங்கவலை. கட்டடத்தோடு அவர்களையும் காப்பாற்றியாக வேண்டும்.

மத்தியத் தொல்லியல் துறையின் சின்னம் என்றால் சுற்றி 100 மீட்டருக்குப் புதுக்கட்டடம் எழுப்பத் தடை உண்டு. நடுமுற்றம் கொண்ட நம் தொட்டிக்கட்டு வீடுகளுக்கு அந்தக் காவல் இல்லை. மாநில மரபுரிமை ஆணையத்துக்கான சட்டம் 2012இல் நிறைவேறியது. அந்த ஆணையத்தின் பாதுகாப்பு சிற்றூர்களின் வீடுகள்வரை வர வேண்டும்.

அதுவரை பொறுப்பு நம்முடையது. பாகப்பிரிவினைக்குப் பின் பூட்டிக் கிடக்கும் வீடு நூலகமாகலாம், தறிக்கூடமாகலாம், விருந்தினர் விடுதியாகலாம். இடிக்க ஜேசிபியை அழைக்கும் முன், சுண்ணாம்பு வேலை தெரிந்த ஒரு கொத்தனாரை அழைத்துச் சுவரைக் காட்டுங்கள்.