முட்டைக் கோழியின் தீவனமும் மருந்தும்

அமெரிக்காவில் தாமஸ் ஜூக்ஸ், ராபர்ட் ஸ்டாக்ஸ்டாட் என்னும் அறிஞர் இருவர், கோழிக் குஞ்சுகளுக்குப் ‘பி12’ வைட்டமினை மலிவாக அளிக்கும் வழியைத் தேடிவந்தனர். ஆரியோமைசின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைப் பிரித்தபின் எஞ்சிய சக்கையைத் தீவனத்தில் கலந்தபோது, குஞ்சுகள் எதிர்பார்த்ததினும் மிகுதியாக வளர்ந்தன. சக்கையில் எஞ்சியிருந்த மருந்தே அதற்குக் காரணம் என்பது 1950-இல் வெளியாயிற்று. நோய் தீர்க்கும் மருந்து அதன்பின் தீவனப் பொருளும் ஆயிற்று.

இறைச்சிக் கோழிக்கு மருந்து கொடுப்போர், அறுப்பதற்குச் சில நாட்கள் முன்னரே அதனை நிறுத்திவிடலாம். ஏறக்குறைய நாள்தோறும் முட்டையிடும் கோழிக்கு அவ்வழி இல்லை. மஞ்சட்கரு பத்து நாள் அளவில் திரண்டு முதிர்வது. வெவ்வேறு பருவத்துக் கருக்கள் பல ஒரே வேளையில் சூலகத்தில் இருக்கும். ஆகவே இன்று உண்ட மருந்து அடுத்த வாரத்து முட்டையிலும் தங்கக்கூடும். இதனினும் பெரிய கவலை ஒன்றுண்டு. சிறிதளவு மருந்தை நாள்தோறும் சந்திக்கும் கிருமிகளுள், அதற்கு மடியாதவையே எஞ்சிப் பெருகும். அவை மனிதரைத் தாக்கின், மருத்துவரிடம் உள்ள மருந்து பயனற்றுப் போகும். வளர்ச்சிக்காக மருந்து கலப்பதைச் சுவீடன் 1986-இல் தடுத்தது; ஐரோப்பிய ஒன்றியம் முழுவதிலும் அத்தடை 2006-இல் நிறைவெய்தியது.

மருந்தை விலக்கியபின் அவ்விடத்தில் எதனை வைப்பது? இவ்வினாவுக்கு உதவும் கருத்தொன்று, 1973-இல் பின்லாந்து அறிஞர் எஸ்கோ நூர்மியும் அவர்தம் துணைவர் ரந்தலாவும் வெளியிட்ட ஆராய்ச்சியில் உள்ளது. பொரிக்கும் பெட்டியில் பிறந்த குஞ்சு தாயைக் காண்பதில்லை. தாயின் எச்சம் படிந்த மண்ணைக் கொத்துவதுமில்லை. ஆதலின் அதன் குடல் ஆளில்லாத வீட்டை ஒக்கும். முதலில் வரும் சால்மொனெல்லா கிருமி எளிதில் குடிபுகும். நலமுள்ள முதிர்ந்த கோழியின் குடற்பொருளைக் குஞ்சுகளுக்கு முன்னரே ஊட்டியபோது, அக்கிருமியால் எளிதில் காலூன்ற இயலவில்லை. கேட்க அருவருப்பாயினும், தாய்க்கோழியோடு திரியும் நாட்டுக்கோழிக் குஞ்சுகளுக்கு இயல்பாகவே கிடைப்பது இதுதான்.

இன்று தீவனத்தில் சேர்க்கப்படும் லாக்டோபேசில்லஸ் முதலிய நல்ல நுண்ணுயிர்கள் அக்கருத்தைச் சார்ந்தவை. ஈஸ்ட்டின் புறச்சுவரில் உள்ள மன்னான் என்னும் சர்க்கரைப் பொருளின் வேலை வேறு. குடற்சுவரைப் பற்றவேண்டிய சால்மொனெல்லா, அதற்குப் பதிலாக மன்னானைப் பற்றிக்கொண்டு எச்சத்தோடு வெளியேறுகிறது. ஃபார்மிக், புரோப்பியோனிக் அமிலங்கள் கிருமியினுள் நுழைந்து அதன் உட்புறத்தைப் புளிப்பாக்கி ஒடுக்குகின்றன. ஓமத்தின் மணத்திற்கு உரிய தைமாலும் இவ்வரிசையில் சேர்க்கப்பட்டுள்ளது.

இவை மருந்துக்கு ஈடானவை என்று விற்போர் கூறுவதை அப்படியே ஏற்றல் ஆகாது. ஒரு பண்ணையில் பயன்பட்டது மற்றொன்றில் பயன்படாமலும் போகிறது; ஈர எருவும் நெரிசலும் மிக்க கொட்டகையில் எதனைக் கலந்தும் பெரும்பயன் இராது. நோயுற்ற கோழிக்கு மருந்து இன்றும் வேண்டுவதே. அவ்வாறு கொடுத்தால், குறித்த நாட்கள் கழியும்வரை அதன் முட்டைகளைச் சந்தைக்கு அனுப்பாமல் விலக்கிவிட வேண்டும்.