லேப்டாப்புக்கு வரும் நெட்டை வீடு முழுக்கப் பகிரலாமா? சந்தேகங்களும் விளக்கங்களும்

பொத்தேரி ரயில் நிலையத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் வாடகை அறைகளுக்குக் குறைவில்லை. எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழக மாணவர்கள், மறைமலை நகர் தொழிற்சாலைகளுக்குப் போகிறவர்கள், மகிந்திரா சிட்டியில் வேலை பார்ப்பவர்கள் என நாலைந்து பேர் சேர்ந்து ஒரு வீட்டை எடுக்கிறார்கள். இணைய இணைப்பு ஒன்றுதான். ஆளுக்கு ஒரு போன், ஒரு லேப்டாப் என்று வைத்தாலே கருவிகள் பத்தைத் தொட்டுவிடும். ரவுட்டர் உள்ள வீட்டில் சிக்கல் இல்லை. இல்லாத வீட்டில், ஒருவருடைய கம்ப்யூட்டருக்கு வரும் நெட்டை மற்றவர்கள் வாங்கிக்கொள்வது எப்படி, அதில் யாருக்கு என்ன பொறுப்பு என்று பலரும் கேட்கிறார்கள். அந்தச் சந்தேகங்களுக்கான விளக்கங்கள் இவை.

சந்தேகம்: எங்கள் அறைக்கு ஒரே ஒரு லேன் வயர் வருகிறது. என் லேப்டாப்பில் செருகினால் நெட் நன்றாக வருகிறது. அறையில் உள்ள மற்ற மூவரின் போனுக்கும் கொடுக்க முடியுமா?

முடியும். தனியாக எந்த மென்பொருளும் வேண்டாம். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் செட்டிங்ஸ் பகுதியில் 'நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்' என்பதற்குள் 'மொபைல் ஹாட்ஸ்பாட்' இருக்கிறது. எந்த இணைப்பைப் பகிர்வது என்று கேட்கும் இடத்தில் 'ஈதர்நெட்', எதன் வழியே என்ற இடத்தில் 'வைஃபை' என்று தேர்ந்தெடுத்து, பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்தால் வேலை முடிந்தது. ஒரே நேரத்தில் எட்டு கருவிகள் வரை இணையலாம். ஆப்பிள் கம்ப்யூட்டரில் 'ஜெனரல்', 'ஷேரிங்' என்று போனால் 'இன்டர்நெட் ஷேரிங்' கிடைக்கும். லினக்ஸில் இணைப்பின் அமைப்பிலேயே 'மற்ற கம்ப்யூட்டர்களுடன் பகிர்' என்ற தேர்வு உண்டு.

இது இன்று வந்த வசதி இல்லை. 1999இல் வெளியான விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பிலேயே இணையப் பகிர்வு சேர்க்கப்பட்டுவிட்டது. டயல்-அப் மோடம் கீச்சிட்டுக்கொண்டிருந்த காலத்தில், ஒரு தொலைபேசிக் கம்பியில் இரண்டு கம்ப்யூட்டர்களை ஓட்டியவர்கள் இதைத்தான் பயன்படுத்தினார்கள்.

இரண்டு விஷயங்களை மட்டும் கவனியுங்கள். லேப்டாப்பை மூடினால் அது தூங்கிவிடும். அத்தோடு எல்லோருடைய நெட்டும் நின்றுவிடும். சார்ஜரில் இருக்கும்போது மூடினாலும் தூங்காதபடி பவர் அமைப்பில் மாற்றிக்கொள்ளலாம். மற்றொன்று, யாரும் இணையாமல் சில நிமிடங்கள் இருந்தால் ஹாட்ஸ்பாட் தானாக அணைந்துவிடும். ஹாட்ஸ்பாட் பக்கத்திலேயே 'பவர் சேவிங்' என்றிருக்கும். அதை நிறுத்திவைத்தால் அணையாது.

சந்தேகம்: ஒரு இணைப்பில் இத்தனை பேர் பார்க்கிறோம். எது யாருக்கு வரவேண்டியது என்று கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரிகிறது?

இணையத்தில் இருக்கும் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண் முகவரி வேண்டும். பழைய முகவரி முறையில் கிடைக்கக்கூடிய மொத்த முகவரிகளே சுமார் 429 கோடிதான். உலகத்துக்கு இது போதாது என்று 1990களிலேயே தெரிந்துவிட்டது. அப்போது வந்த வழிதான் முகவரி மாற்றம். 1994இல் அதன் முறையை எழுதினார்கள். அதே ஆண்டில், வீட்டுக்குள்ளும் அலுவலகத்துக்குள்ளும் மட்டும் புழங்குவதற்கென்று சில முகவரிகளைத் தனியாக ஒதுக்கினார்கள். உங்கள் போனில் பார்க்கும் 192.168 என்று தொடங்கும் எண் அப்படி ஒதுக்கப்பட்டதுதான். அதே எண் பக்கத்து வீட்டிலும் இருக்கலாம். அதனால் குழப்பம் வராது.

முகவரி மாற்றம் எப்படி நடக்கிறது என்று புரிய, அடுக்குமாடிக் குடியிருப்பின் காவலாளியை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே எல்லோருக்கும் ஒரே கதவு எண்தான். உள்ளிருந்து யார் எதைக் கேட்டு அனுப்பினார்கள் என்று அவர் ஒரு நோட்டில் குறித்துக்கொள்கிறார். பதில் வந்ததும் அந்தந்த வீட்டில் சேர்க்கிறார். பகிரும் லேப்டாப் செய்யும் வேலையும் இதுவே. அந்த லேப்டாப்பின் உள்முக முகவரி விண்டோஸில் 192.168.137.1 என்று இருக்கும். மற்ற கருவிகளுக்கு 137க்குப் பிறகு வேறு எண்கள் கிடைக்கும்.

சந்தேகம்: வைஃபை இல்லாத பழைய டெஸ்க்டாப்புக்கு வயரிலேயே நெட் கொடுக்க வேண்டும். இரண்டு கம்ப்யூட்டரையும் வயரால் இணைத்துவிட்டேன். நெட் வரவில்லை. என்ன செய்வது?

பெரும்பாலும் தவறு நடப்பது பகிர்வின் திசையில்தான். நெட் வரும் கம்ப்யூட்டரில் கன்ட்ரோல் பேனலைத் திறந்து, நெட்வொர்க் இணைப்புகளின் பட்டியலுக்குப் போங்கள். அங்கே இரண்டு அல்லது மூன்று சின்னங்கள் தெரியும். எந்தச் சின்னம் வழியாக நெட் உள்ளே வருகிறதோ, அதன் மேல் வலது க்ளிக் செய்து 'ப்ராபர்ட்டீஸ்', பிறகு 'ஷேரிங்' என்று போய் முதல் கட்டத்தில் டிக் போடுங்கள். டெஸ்க்டாப்புக்குப் போகும் வயரின் சின்னத்தில் டிக் போட்டால் எதுவும் நடக்காது. பயனர் பெயர், பாஸ்வேர்டு கொடுத்து லேப்டாப்பிலேயே இணையும் வகை என்றால் 'பிராட்பேண்ட் கனெக்ஷன்' என்று தனியாக ஒரு சின்னம் இருக்கும். டிக் போட வேண்டியது அதில்தான். வயர் செருகிய 'ஈதர்நெட்' சின்னத்தில் போட்டுவிட்டு மணிக்கணக்கில் தேடுகிறவர்கள் உண்டு.

அடுத்து டெஸ்க்டாப்பில் கிடைத்திருக்கும் எண்ணைப் பாருங்கள். 192.168.137 என்று தொடங்கினால் பகிர்வு சரி. கோளாறு வேறு எங்கோ இருக்கிறது. 169.254 என்று தொடங்கினால், யாரும் எண் கொடுக்காததால் டெஸ்க்டாப் தனக்குத்தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். அப்படியானால் வயரைச் சோதியுங்கள். செருகும் துளையின் ஓரத்தில் சின்ன விளக்கு எரியவேண்டும். எரியாவிட்டால் வயரின் முனையில் உள்ள கிளிப் சரியாகப் பிடிக்கவில்லை, அல்லது உள்ளே கம்பி அறுந்திருக்கிறது. விளக்கு எரிந்தும் 169.254தான் வருகிறது என்றால், டிக்கை எடுத்துவிட்டு மறுபடி போடுங்கள். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்ட பிறகு பகிர்வு வேலை செய்யாமல் போவது விண்டோஸ் 10இல் பலருக்கும் நடந்தது. அதற்கும் இதுவே உடனடி வழி.

இரண்டு கம்ப்யூட்டரை நேரடியாக இணைக்க முன்பு தனி வகை வயர் வேண்டியிருந்தது. இன்றைய கருவிகளுக்குச் சாதாரண லேன் வயரே போதும், 100 மீட்டர் நீளம் வரை.

சந்தேகம்: மாடியில் இருக்கும் வைஃபையை லேப்டாப்பில் வாங்கி, அதையே கீழ் அறைக்கு ஹாட்ஸ்பாட்டாகக் கொடுக்கிறேன். வேகம் பாதியாகிவிட்டது.

ஆகத்தான் செய்யும். ஒரே வைஃபை கருவி வாங்கவும் வேண்டும், கொடுக்கவும் வேண்டும். ஒன்றைச் செய்யும்போது மற்றது காத்திருக்கிறது. மேல் மாடியிலிருந்து லேப்டாப் வரை ஒரு வயர் இழுத்துவிட்டால் சரியாகிவிடும். ஆப்பிள் கம்ப்யூட்டரில் வைஃபையை வாங்கி வைஃபையாகவே கொடுக்கப் பொதுவாக வழி கிடையாது.

சந்தேகம்: எப்போதும் ஒரு டெஸ்க்டாப்பை ஓடவிட்டு அதன் மூலம் வீட்டுக்கே நெட் கொடுத்தால் ரவுட்டர் செலவு மிச்சம்தானே?

மிச்சமில்லை. கணக்குப் பார்ப்போம். மானிட்டரோடு ஒரு டெஸ்க்டாப் சுமார் 100 வாட் எடுக்கிறது என்று வையுங்கள். 24 மணி நேரத்துக்கு 2.4 யூனிட். இரண்டு மாதத்துக்கு 144 யூனிட். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைப்பதே 100 யூனிட்தான். நெட் கொடுப்பதற்கு மட்டும் அதை முழுவதும் தாண்டிவிடுகிறோம். 10 வாட் எடுக்கும் ரவுட்டர் அதே இரண்டு மாதத்தில் 15 யூனிட்டைத் தொடாது. சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்கும் வீட்டுக்காரரிடம் குடியிருப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் கையிலிருந்து போகும் பணம். ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சாதாரண ரவுட்டரை நாலு பேர் பங்கு போட்டு வாங்குவது எவ்வளவோ மேல். கரண்ட் போனால்கூட ரவுட்டருக்கென்றே விற்கும் சின்ன யூ.பி.எஸ். சில மணி நேரம் தாங்கும். டெஸ்க்டாப்பை அப்படித் தாங்க வைக்க முடியாது.

பாதுகாப்பையும் பாருங்கள். வெளி உலகை முதலில் சந்திக்கும் இடத்தில் நிற்கப்போவது அந்தக் கம்ப்யூட்டர். விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. பழைய கம்ப்யூட்டரைச் சும்மா கிடக்கிறதே என்று இந்த வேலைக்கு நிறுத்தாதீர்கள்.

புது ரவுட்டரை மாட்டியதும் நெட் வராமல் போனால் பதற வேண்டாம். சில உள்ளூர் கேபிள்காரர்கள் முதலில் இணைத்த லேப்டாப்பின் வன்பொருள் எண்ணைப் பதிந்துவைத்திருப்பார்கள். போன் செய்து மாற்றச் சொன்னால் மாற்றிக் கொடுப்பார்கள்.

சந்தேகம்: அப்படியானால் கம்ப்யூட்டர் வழியாகப் பகிர்வதால் பயனே இல்லையா?

உண்டு. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வந்தபோது சென்னை, செங்கல்பட்டுப் பகுதிகளில் மின்சாரமும் இணைப்புகளும் பல இடங்களில் நாள் கணக்கில் இல்லை. ஃபைபர் வயர் அறுந்தால் ரவுட்டர் இருந்தும் பயனில்லை. அப்போது ஜன்னலோரம் சிக்னல் கிடைக்கும் ஒரு போனை யூ.எஸ்.பி. வயரால் லேப்டாப்பில் செருகி, போனில் 'யூ.எஸ்.பி. டெதரிங்' போட்டு, அங்கிருந்து மற்றவர்களுக்குக் கொடுக்கலாம். லேப்டாப் போனுக்குச் சார்ஜும் ஏற்றும். ஆனால் முதல் வேலையாக அந்த இணைப்பை 'மீட்டர்டு கனெக்ஷன்' என்று குறித்துவிடுங்கள். இல்லாவிட்டால் விண்டோஸ் அப்டேட் பின்னால் இறங்கத் தொடங்கி, அன்றைய டேட்டா முழுவதையும் விழுங்கிவிடும். தினசரி ஒன்றரை, இரண்டு ஜிபி திட்டத்தில் இருப்பவருக்கு, அவசரத்துக்கு ஒரு செய்தி அனுப்பக்கூட மிச்சம் இருக்காது.

சந்தேகம்: பக்கத்து அறைக்காரர்கள் மாதம் நூறு ரூபாய் தருகிறோம், பாஸ்வேர்டு கொடுங்கள் என்கிறார்கள். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். பணம் வாங்கிக்கொண்டு இணையச் சேவை தருவது உரிமம் பெற்ற நிறுவனங்களின் வேலை. வீட்டு இணைப்பை மறுவிற்பனை செய்யக்கூடாது என்பது இணைப்பு வாங்கும்போது நீங்கள் ஒப்புக்கொள்ளும் நிபந்தனைகளிலேயே பொதுவாக இருக்கும்.

பணத்தைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. உங்கள் இணைப்பில் எத்தனை பேர் இருந்தாலும் வெளியே தெரிவது ஒரே முகவரி. அந்த முகவரி உங்கள் பெயரில் இருக்கிறது. 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் தொடர் குண்டுவெடிப்பு நடந்தது. அதற்குச் சில நிமிடங்களுக்கு முன்பு ஊடகங்களுக்கு ஒரு மிரட்டல் மின்னஞ்சல் போனது. அது கிளம்பிய முகவரியைத் தேடிக்கொண்டு போலீஸ் போய் நின்றது நவி மும்பையில் ஓர் அடுக்குமாடி வீட்டில். அங்கே குடியிருந்த வெளிநாட்டுக்காரருக்கும் அந்தச் சதிக்கும் சம்பந்தமில்லை. அவர் வீட்டு வைஃபை சரியான பூட்டில்லாமல் இருந்தது; யாரோ அதைப் பயன்படுத்திவிட்டார்கள். அவருடைய கம்ப்யூட்டர் எடுத்துச் செல்லப்பட்டது, அவர் பல முறை விசாரிக்கப்பட்டார். இதன் பிறகு 2009இல், வாடிக்கையாளர்களின் வைஃபை பாதுகாப்பாக இருப்பதை உறுதிசெய்யும்படி இணைய நிறுவனங்களுக்குத் தொலைத்தொடர்புத் துறை அறிவுறுத்தியது.

படிப்பை முடித்துவிட்டு வேலைக்குப் போகும் நேரத்தில் ஒரு மாணவருக்கு இப்படி விசாரணை வந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். அறைத் தோழர்களுக்குக் கொடுங்கள். முகம் தெரியாதவர்களுக்கு வேண்டாம். அறையைக் காலி செய்துவிட்டு ஒருவர் போனதும் பாஸ்வேர்டை மாற்றுங்கள். அட்வான்ஸைத் திருப்பித் தரும் அன்றே மாற்றுவது நல்ல பழக்கம்.

வீட்டுக்காரரோ, டீக்கடைக்காரரோ முறையாக விற்க விரும்பினால் அதற்கு வழி இருக்கிறது. 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த 'பி.எம்.-வாணி' திட்டத்தில், சிறு கடைக்காரர்கள் தனி உரிமமும் கட்டணமும் இல்லாமல் வைஃபை விற்கலாம். பதிவுபெற்ற ஒரு நிறுவனத்தோடு சேர்ந்துகொள்ள வேண்டும். யார் பயன்படுத்தினார்கள் என்பது போன் எண் வழியாகப் பதிவாகிவிடுவதால் பழி கடைக்காரர் தலையில் விழாது. மாணவர்கள் நிறைந்த பொத்தேரி போன்ற இடத்துக்கு இது மிகவும் பொருந்தும்.

சந்தேகம்: நெட் பகிரும் லேப்டாப்காரர் நாங்கள் பார்ப்பதையெல்லாம் பார்க்க முடியுமா?

உள்ளே இருப்பதைப் பார்க்க முடியாது. வங்கி, மின்னஞ்சல், வாட்ஸ்அப் எல்லாம் இன்று மறைகுறியிட்டுத்தான் போகின்றன. ஆனால் எந்தெந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்ற பெயர்களை, நினைத்தால் அவர் தெரிந்துகொள்ள முடியும். தனிப்பட்ட விஷயங்களுக்கு உங்கள் சொந்த மொபைல் டேட்டாவைப் பயன்படுத்துங்கள். இது குறிப்பாக விடுதிகளில் தங்கும் பெண்களுக்கு. 'பாதுகாப்பற்ற தளம்' என்ற எச்சரிக்கை வந்தால் ஒருபோதும் தாண்டிப் போகாதீர்கள்.

பகிர்கிறவருக்கும் இதே கவலை இருக்க வேண்டும். அவருடைய லேப்டாப்பில் பொதுவில் திறந்துவிட்ட ஃபோல்டர் ஏதாவது இருந்தால் இணைந்தவர்கள் கண்ணில் படும். பகிரத் தொடங்குமுன் ஃபைல் ஷேரிங்கை நிறுத்திவிடுங்கள்.

சந்தேகம்: கல்லூரி விடுதி நெட்டில் என் பெயரில் நுழைந்து, லேப்டாப்பில் ஹாட்ஸ்பாட் போட்டு நண்பனுக்குக் கொடுக்கலாமா?

விடுதி விதி அனுமதித்தால் மட்டும். நண்பன் என்ன செய்தாலும் வளாகப் பதிவேட்டில் ஏறுவது உங்கள் பெயர்தான்.

சந்தேகம்: இப்போது ரவுட்டர் வாங்கிவிட்டோம். ஆனால் முன்பு டெஸ்க்டாப்புக்கு வயரில் பகிர்ந்துகொண்டிருந்த லேப்டாப்பில் மட்டும் வயர் செருகினால் நெட் வருவதில்லை. மற்ற எல்லோருக்கும் வருகிறது.

பழைய பகிர்வு இன்னும் நீக்கப்படாமல் இருக்கிறது. டெஸ்க்டாப்புக்குக் கொடுத்த அந்த லேன் துளையில் 192.168.137.1 என்ற எண் நிலையாகப் பதிந்திருக்கும்; அதனால் ரவுட்டர் தரும் எண்ணை அது வாங்காது. மற்றவர்களுக்கும் அந்த லேப்டாப்பே எண் கொடுக்கத் தொடங்கி, சிலருக்கு வந்தும் சிலருக்கு வராமலும் குழம்பவும் கூடும். முன்பு போட்ட 'ஷேரிங்' டிக்கை எடுங்கள். பிறகு அந்தத் துளைக்குரிய அமைப்பில் 'தானாக முகவரி பெறு' என்பதைத் தேர்ந்தெடுத்து, வயரை ஒருமுறை கழற்றிச் செருகுங்கள்.